அலாய் வீலில் பெயிண்டை உரித்து வீட்டிலேயே பாலிஷ் போடலாமா? கடற்கரை ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்

கேட்டவர்: உச்சிப்புளி_ஓட்டுநர்

வணக்கம். ராமேசுவரம் வருகிற யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடி, அரிச்சல்முனை, தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை என்று ஓடுகிற வாடகைக் கார் என்னுடையது. பழைய வண்டியாக மதுரையில் வாங்கினேன். நான்கும் கம்பெனியே போட்டுக் கொடுத்த அலாய் வீல்கள். வாங்கியபோது பளிச்சென்று இருந்தன. அரிச்சல்முனைக்குப் போய்வரப் போய்வர, மேலே இருந்த கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) பல இடங்களில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ரோட்டுக் கல் பட்ட புள்ளிகளிலிருந்து வெள்ளையாக மெல்லிய கோடுகள் கிளம்பி, பெயிண்டுக்கு அடியிலேயே வளைந்து வளைந்து ஓடுகின்றன. நகத்தால் கீறினால் வெள்ளைத் தூள் உதிர்கிறது.

இன்னொன்று. இடது முன் சக்கரத்தில் மட்டும் காற்று மெல்ல இறங்குகிறது. பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு டயரில் ஓட்டை எதுவும் இல்லை என்றார்கள்.

பெயிண்டை முழுவதும் எடுத்துவிட்டு, அலுமினியத்தையே கண்ணாடியாகப் பாலிஷ் போட்ட வீல்களை வீடியோக்களில் பார்த்தேன். அதே மாதிரி நான்கையும் செய்ய ஆசை. வெளியில் கொடுத்தால் கேட்கிற கூலி எனக்குக் கட்டுப்படி ஆகாது. என்னிடம் ஒரு டிரில் மெஷின், ஒரு சின்ன கிரைண்டர், வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை, போர் தண்ணீர் இருக்கின்றன. பெயிண்டை எதால் எடுப்பது? எந்த எண் உப்புத்தாளில் தொடங்குவது? கடைசியில் கிளியர் கோட் அடிக்க வேண்டுமா, வேண்டாமா? நம் பக்கத்துக் காற்றில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


தொண்டி_டீசல் எழுதியது:

இதற்கு எதற்குப் பெரிய செலவு? எங்கள் பக்கம் பழைய இரும்புக் கேட்டில் பெயிண்ட் எடுக்கக் காஸ்டிக் சோடாவைக் கரைத்துத்தான் பூசுவார்கள். வீலையும் ஒரு டிரம்மில் ஊறப்போடுங்கள். பெயிண்ட் தானாகக் கழன்றுவிடும். பிறகு புளியும் உப்பும் போட்டு நன்றாகத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். எங்கள் வீட்டுப் பூசைப் பாத்திரம் எல்லாம் அப்படித்தான் மின்னுகிறது.


மண்டபம்_பட்டறை எழுதியது:

தம்பி, முதலில் தொண்டி நண்பர் சொன்னதைச் செய்யாதீர்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் காஸ்டிக் சோடா இரும்பை விட்டுவைக்கும், அலுமினியத்தைத் தின்றுவிடும். கரைசலில் அலுமினியம் பட்டவுடன் நுரைத்துக்கொண்டு பொங்கும். அந்த நுரையில் வருவது ஹைட்ரஜன் வாயு. பக்கத்தில் ஒரு பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். பெயிண்ட் கழல்வதற்குள் வீலின் மேற்பரப்பு கறுத்துச் சொரசொரப்பாகிவிடும். புளி, பித்தளைக்கும் செம்புக்கும் உரியது. அதோடு உப்பையும் சேர்த்து அலுமினியத்தில் தேய்ப்பது, எதை விரட்டப் பார்க்கிறோமோ அதையே கையால் உள்ளே திணிப்பதாகும். கழிப்பறை கழுவுகிற ஆசிட்டையும் சிலர் சொல்வார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதுவும் வேண்டாம்.

நான் மண்டபத்தில் படகு இன்ஜின் வேலை பார்க்கிறவன். வெளிப்பொருத்து இன்ஜினின் கால், கியர் பெட்டி, காற்றாடி எல்லாம் அலுமினியம்தான். கடலுக்குள்ளேயே கிடக்கிற அலுமினியத்தோடு தினமும் பழகுகிறேன். சொந்த வண்டியின் வீல்களையும் சொந்தக்காரர்கள் சிலரின் வீல்களையும் இதே பட்டறையில் உரித்துப் பாலிஷ் போட்டிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: பளபளப்பு வரவழைப்பது பெரிய வித்தை அல்ல. பொறுமையும் உப்புத்தாளும் இருந்தால் யாருக்கும் வரும். நம் கரையில் உண்மையான வேலை, உலோகத்துக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிற உப்பை வெளியேற்றுவதும் மறுபடி ஏறவிடாமல் பார்த்துக்கொள்வதும்தான். நீங்கள் பார்த்த வீடியோக்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அவர்கள் கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறார்கள்.

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் ஒரு ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். சில நானோமீட்டர் தடிமன்தான் இருக்கும். உள்நாட்டு ஊர்களில் அந்தப் படலமே போதுமான காவல். கடற்காற்றில் உப்போடு வருகிற குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைத்துவிடும். துளைத்த இடத்தில் குழி விழும். பெயிண்டுக்கு அடியில் இது நடந்தால் நீங்கள் சொல்கிற வெள்ளைக் கோடுகளாக ஓடும். கோட்டின் முனையில் அரிப்பு நடந்துகொண்டே முன்னேறும். பின்னால் விட்டுச்செல்வதுதான் அந்த வெள்ளைத் தூள். இதற்குக் கல் பட்ட ஒரு சிறு புள்ளியும் ஈரக்காற்றும் உப்பும் இருந்தால் போதும். மூன்றும் நம்மிடம் தாராளம்.

நம் காற்று எப்படிப்பட்டது என்று தெரிந்துதான் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தார் உலோகத் தகடுகளை மண்டபத்தில் கொண்டுவந்து காற்றில் வைத்துச் சோதித்தார்கள். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் திரும்பத் திரும்பப் பெயிண்ட் அடித்தேதான் காப்பாற்றினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் வெளியே பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு செய்ய வேண்டிய இடத்தில் நீங்கள் வெற்று அலுமினியத்தை ஓட்டப் போகிறீர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வீலைக் கழற்றும் முன் வெயிலில் நிறுத்தி முகப்பை உற்றுப் பாருங்கள். கிராமபோன் தட்டில் இருப்பது போன்ற நுண்ணிய வட்டக் கோடுகள் தெரிந்தால் அது டைமண்ட் கட் வீல். கடைசல் இயந்திரத்தில் முகப்பைச் சீவி, மேலே கிளியர் கோட் அடித்தது. அதைக் கையால் தேய்த்துப் பாலிஷ் போடலாம். ஆனால் அந்தக் கோடுகள் போய்விடும், பழைய தோற்றம் திரும்ப வராது. கோடுகள் இல்லாமல் ஒரே வெள்ளி நிறமாக இருந்தால் அது வெள்ளிப் பெயிண்ட். அதற்கு அடியில் இருப்பது வார்ப்புப் பரப்பு, சொரசொரப்பானது. அதைக் கண்ணாடியாக்குவது பல மடங்கு உழைப்பு. குரோம் முலாம் பூசிய வீலாக இருந்தால் உப்புத்தாளே தொடக்கூடாது.

டயரைக் கழற்றுவது டயர் கடையில்தான். வீட்டில் கடப்பாரையால் நெம்ப வேண்டாம். கழற்றியதும் வீலின் பின்பக்கத்தை, குறிப்பாக ஆரங்கள் வளையத்தோடு சேருகிற இடத்தை, நன்றாகக் கழுவிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அந்த வீல் பழைய உலோகக் கடைக்குத்தான். எவ்வளவு பளபளப்பாக்கினாலும் பயணிகளை ஏற்றுகிற வண்டிக்கு அது ஆகாது.

உங்கள் இடது முன் சக்கரத்தின் காற்றுக்கும் பதில் அப்போதே கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். டயரின் ஓரம் வீலில் அழுந்தி உட்காருகிற பட்டை ஒன்று இருக்கிறது. அங்கே அலுமினியம் அரித்துப் பொருக்குத் தட்டினால் டயர் ஒட்டாமல் காற்று கசியும். நம் ஊர் வண்டிகளில் இது சாதாரணம். அந்தப் பொருக்கை நைலான் தேய்ப்பானாலும் 400 எண் தாளாலும் மெல்ல எடுத்தால் போதும். அந்தப் பட்டையைச் சீவிப் பளபளப்பாக்க நினைக்காதீர்கள். அளவு குறைந்தால் காற்று நிற்காது.

பெயிண்ட் எடுப்பதைப் பற்றிக் கீழக்கரை நண்பர் எழுதுவார் என்று நம்புகிறேன். அவருக்கு அதில் அனுபவம் அதிகம். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கேஸ் பர்னரால் சுட்டுப் பெயிண்டை எரித்து எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். இந்த வீல்கள் பெரும்பாலும் ஏ356 என்கிற கலவை. அலுமினியத்தோடு 7 சதவீதம் அளவுக்குச் சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் சேர்ந்தது. வார்த்தபின் சுமார் 540 டிகிரியில் சுட்டு, தண்ணீரில் ஆற்றி, மறுபடி 150 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைத்துத்தான் அதற்குப் பலம் ஏற்றுகிறார்கள். பர்னர் தீ எந்த இடத்தில் எத்தனை டிகிரி ஏற்றியது என்று யாருக்கும் தெரியாது. ஏற்றிய பலம் அந்த இடத்தில் இறங்கிவிடும், கண்ணுக்கும் தெரியாது.

இரும்புக் கம்பி பிரஷ், இரும்பு நார் இரண்டும் கொட்டகைக்குள்ளேயே வரக்கூடாது. அவற்றின் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்துவிடும். உப்பு ஈரம் பட்டதும் அந்த இடத்தில் துருவும் குழியும் ஒன்றாகக் கிளம்பும். நைலான் பிரஷ் போதும்.

இனி தேய்ப்பு. குழி ஆழமாக இருந்தால் 220 எண்ணில் தொடங்குங்கள். இல்லையென்றால் 320. பிறகு 400, 600, 800, 1000, 1500, 2000. எல்லாம் வாட்டர் பேப்பர்தான், ஈரத்தில்தான். வாளித் தண்ணீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பை விடுங்கள், தாள் அடைத்துக்கொள்ளாது. விரலால் தேய்த்தால் பள்ளம் பள்ளமாக வரும். பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி அதில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். வளைவுக்கு வளையும், கைக்கும் அடக்கம்.

ஒரு எண்ணில் ஒரு திசையில் தேய்த்தால் அடுத்த எண்ணில் அதற்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். முந்தைய கோடு முழுவதும் மறைந்ததா என்பது அப்போதுதான் தெரியும். தேய்க்கும்போது வழிகிற சாம்பல் நிறத் தண்ணீர் எல்லாவற்றையும் மறைத்துவிடும். துடைத்துவிட்டு, டார்ச் விளக்கைப் பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். சாய்த்துப் பிடித்தால் 220இன் கோடு ஒன்று 600இன் மென்மைக்கு நடுவே குறுக்காக ஓடுவது அப்படியே தெரியும். அது தெரிந்தால் திரும்பிப் போய் அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள். 220க்கும் 600க்கும் இடையில்தான் பெரும்பாலான நேரம் போகும், போகவும் வேண்டும். அதற்குப் பிறகு வருகிற எண்கள் சீக்கிரம் முடியும்.

காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அலுமினியத் தூள் மூச்சில் போகும், தீயும் பிடிக்கும். இரும்பு சாணை பிடித்த இடத்தில் அலுமினியம் தேய்க்கவே கூடாது. துருத்தூளும் அலுமினியத்தூளும் கலந்த இடத்தில் பொறி விழுந்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கிற தீயாக இருக்காது. ஈரச் சேற்றையும் மூடி போட்ட டப்பாவில் அடைத்து வைக்காதீர்கள், அதிலிருந்தும் ஹைட்ரஜன் கிளம்பும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடம், தண்ணீர். உங்கள் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். உச்சிப்புளியில் சில இடங்களில் மணல் ஊற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கும். உப்புக் கரித்தால் அந்தத் தண்ணீரில் கழுவுகிற ஒவ்வொரு முறையும் குளோரைடைப் பூசிவிட்டுப் போகிறீர்கள். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு குழிக்குள் நிற்கும். தேய்ப்பதற்குப் போர் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு எண் முடிந்ததும் கடைசிக் கழுவல் காவிரிக் குடிநீரிலோ கேன் தண்ணீரிலோ இருக்கட்டும். ஒரு குடம் தண்ணீருக்கு நம் பெண்கள் எவ்வளவு தூரம் தள்ளுவண்டி தள்ளுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவச் சொல்லவில்லை. ஒரு தெளிப்பான் பாட்டிலில் ஊற்றித் தெளித்து, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால் ஒரு வீலுக்கு ஒரு லிட்டர்கூட ஆகாது.

600 எண் முடிந்ததும் நிறுத்துங்கள். குழி இருந்த இடங்களில் சூடான குடிநீர் விட்டு நைலான் பிரஷால் நன்றாகத் தேய்த்து, காயவைத்து, இரவு முழுவதும் கொட்டகையில் திறந்தபடி வையுங்கள். காலையில் குழியின் வாயில் வெள்ளைப் புள்ளி எழும்பியிருந்தால் உள்ளே இன்னும் உப்பு இருக்கிறது. மறுபடி சூடான தண்ணீர், மறுபடி பிரஷ், மறுபடி ஒரு இரவு. புள்ளி வருவது நிற்கும் வரைக்கும் அடுத்த எண்ணுக்குப் போகாதீர்கள். அவசரப்பட்டு மேலே பாலிஷ் போட்டால் பளபளப்புக்கு நடுவில் ஒவ்வொன்றாக வெள்ளைப் பொட்டு விரியும்.

2000 முடிந்தபின் டிரில்லில் பஞ்சு பஃப் (பாலிஷ் போடுகிற மெத்தென்ற சக்கரம்) மாட்டுங்கள். கிரைண்டர் வேண்டாம், அதன் வேகம் பஞ்சு பஃப்புக்கு அதிகம். முதலில் பழுப்பு நிறப் பாலிஷ் கட்டி (கம்பவுண்டு), பிறகு வேறு பஃப்பில் வெள்ளைக் கட்டி. ஒரே பஃப்பில் இரண்டையும் போடாதீர்கள். கைலியும் தோளில் துண்டுமாக உட்காராதீர்கள். ஓடுகிற பஃப் துணி நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். கால்சட்டை, பொருத்தமான சட்டை, கண்ணாடி. ஆரத்தின் கூரான விளிம்பை நோக்கி பஃப் சுழலக்கூடாது. விளிம்பைவிட்டு வெளியே சுழல்கிற பக்கமாகப் பிடிக்க வேண்டும். கடைசியாக ஆட்டோசால் மாதிரி ஒரு உலோகப் பாலிஷ் பசையைப் பருத்தித் துணியில் எடுத்துக் கையால் தேயுங்கள். துணி கறுத்துக்கொண்டே வரும். அது அழுக்கு அல்ல, அலுமினியமே வருகிறது. கறுப்பு பரப்பில் காய்வதற்கு முன் வேறு துணியால் துடைத்துவிடுங்கள்.

கிளியர் கோட் கேள்விக்கு என் தீர்ப்பு இது. நான்கு வீலையும் முழுக்க வெற்று அலுமினியமாக்க வேண்டாம். வெளி வளையம் தனியாகத் தெரிகிற வடிவமாக இருந்தால் அதை மட்டும் பாலிஷ் போடுங்கள். ஆரங்களையும் அவற்றின் இடுக்குகளையும் 320 எண்ணோடு நிறுத்தி, எபாக்சி பிரைமர் அடித்து, மேலே நிறம், அதற்கு மேல் கிளியர் கோட் அடித்துவிடுங்கள். இடுக்குகளுக்குள் உங்கள் கை ஒழுங்காகப் போகாது. கை போகாத இடத்தில் உப்பு தங்கும்.

பாலிஷ் போட்ட வளையத்துக்குக் கிளியர் கோட் வேண்டாம், மெழுகு போதும். கண்ணாடியாக வழவழத்த பரப்பில் கிளியர் கோட் சரியாகப் பிடிக்காது. அரிச்சல்முனை ரோட்டில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிற மாதங்களில் முதல் மணல் துளைத்த இடத்தில் உப்பு உள்ளே போய்விடும். பிறகு அந்தக் கோடுகளை எடுக்க முழு வளையத்தையும் உரிக்க வேண்டும். வெற்று உலோகமாக இருந்தால் மங்கிய இடத்தை மட்டும் பசை தொட்டுத் தேய்த்து முடித்துவிடலாம். ஆனால் தனுஷ்கோடி போய்வந்த அன்று இரவே நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு நீங்கள் தயாரில்லை என்றால் முழுவதும் பெயிண்டே அடித்துவிடுங்கள், அதிலும் கேவலம் ஒன்றும் இல்லை.


கீழக்கரை_வாசி எழுதியது:

பட்டறைக்காரர் சொன்னதற்கு மேல் தேய்ப்பைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சவூதியில் கார் பெயிண்ட் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். உரிப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

கடையில் பெயிண்ட் ரிமூவர் என்று கேட்டால் பெரும்பாலும் மெத்திலீன் குளோரைடு கலந்த களியைத் தருவார்கள். டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். வேகமாக உரிக்கும், அலுமினியத்தையும் கெடுக்காது. ஆனால் மனிதனுக்கு ஆகாது. மூச்சில் போனால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். இதய நோய் உள்ளவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது. மூடிய அறையில் இதை வைத்து வேலை செய்து உயிரிழந்தவர்கள் பலர். அதனால்தான் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்குப் பெயிண்ட் ரிமூவராக விற்பதை 2019இல் தடை செய்தார்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். உங்கள் ஓலைக் கொட்டகையில் மூன்று பக்கமும் மறைப்பு இருந்தால் அங்கே வேண்டாம். திறந்தவெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி உட்கார்ந்து, வீலை முட்டுக்கொடுத்து இடுப்பு உயரத்தில் வைத்துச் செய்யுங்கள். சாதாரண தூசி முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது. மெல்லிய நீல நைட்ரில் கையுறையையும் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், பிறகு தோல் தீயாக எரியும். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மெத்திலீன் குளோரைடு இல்லாத ரிமூவர்களும் வந்துவிட்டன. பென்சைல் ஆல்கஹால் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். மெதுவாகத்தான் உரிக்கும், இரவு முழுவதும் விடவேண்டியிருக்கும். இருக்கட்டும்.

நம் வெயிலுக்கு ஒரு குறிப்பு. மெத்திலீன் குளோரைடின் கொதிநிலை 40 டிகிரிதான். சித்திரை, வைகாசி மதியத்தில் வெயிலில் கிடந்த வீல் அதைவிடச் சூடாக இருக்கும். பூசிய களி பெயிண்டுக்குள் இறங்கும் முன்பே பறந்துவிடும். உரிக்கிற வேலை நடக்காது, ஆவி மட்டும் உங்கள் முகத்துக்கு வரும். விடிகாலையில், நிழலில், வீல் குளிர்ந்திருக்கும்போது கனமாகப் பூசி, மேலே பாலிதீன் தாளைப் போர்த்திவிடுங்கள். பெயிண்ட் சுருண்டு எழும்பியதும் மரச் சுரண்டியாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ வழித்தெடுங்கள். கம்பெனி பவுடர் கோட் (பொடியாகத் தூவிச் சுட்டு ஏற்றிய பூச்சு) பிடிவாதமானது, திரும்பவும் பூச வேண்டியிருக்கலாம். முடிந்தபின் சோப்புத் தண்ணீரில் களி சுத்தமாகப் போகும்வரை கழுவுங்கள். இல்லையென்றால் அடுத்து அடிக்கிற பிரைமரையும் அது தூக்கிவிடும்.

வழித்த கழிவைக் கடற்கரை மணலில் புதைக்காதீர்கள். நம் தென்கடலில் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப்பாறையும் கடற்புல்லும் நமக்குச் சோறு போடுகிறவை. கழிவைத் தகரத் தட்டில் பரப்பித் திறந்தவெளியில் முழுவதும் காயவிட்டு, பையில் கட்டி, குப்பை வாங்குகிறவர்களிடம் கேட்டுவிட்டுத் தனிக்கழிவாகக் கொடுங்கள்.

கடைசியாக, ஆரங்களுக்கு அடிக்கப் போகிற கிளியர் கோட் இரண்டு டப்பா கலக்கிற வகையாக இருந்தால் அதை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். இறுகுவதற்காகக் கலக்கிற ஹார்டனரில் ஐசோசயனேட் என்கிற வேதிப்பொருள் இருக்கிறது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா. எங்களுக்கு வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வருகிற முகக்கவசம் கொடுத்தார்கள். பிரைமருக்குத் தயாராகத் தேய்த்த வீலைப் பெயிண்ட் பட்டறையில் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். தேய்ப்புக் கூலி மிச்சமாகும், அடிக்கிற கூலி மட்டும்தான்.


உச்சிப்புளி_ஓட்டுநர் எழுதியது:

மண்டபம் அண்ணன், கீழக்கரைக் காக்கா, இருவருக்கும் நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று சாயங்காலம் வீலைக் கழுவிவிட்டுப் பார்த்தேன். வட்டக் கோடுகள் இல்லை, வெள்ளிப் பெயிண்ட்தான். வெளி வளையம் இரண்டு விரல் அகலத்துக்குத் தனியாகத் தெரிகிறது. அதை மட்டும் பாலிஷ் போட்டு, ஆரங்களுக்கு அடர் சாம்பல் நிறம் அடிப்பதாக முடிவு செய்துவிட்டேன். போர் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது. கேன் தண்ணீர் வாங்கி வைத்துவிட்டேன்.

வண்டியை நிறுத்திவைத்தால் வருமானம் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு வீலாகச் செய்து, அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டி ஓட்டலாமா? ஸ்டெப்னி இரும்பு வீல். நட்டு உட்காருகிற குழிகளிலும் பெயிண்ட் அடிக்கலாமா? பழைய பேலன்சிங் ஈயத்தையே மறுபடி மாட்டலாமா?


மண்டபம்_பட்டறை எழுதியது:

தம்பி, நட்டு உட்காருகிற கூம்புக் குழிகளில் பெயிண்டும் கூடாது, பாலிஷும் கூடாது. பெயிண்ட் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி நட்டு தளரும். பெயிண்ட் பட்டறையில் கொடுக்கும் முன் அந்தக் குழிகளையும், வீல் வண்டியின் ஹப்பில் (வீலைத் தாங்குகிற இரும்புக் குடத்தில்) முகத்தோடு முகம் சேருகிற பின்பக்க வட்டத்தையும் நீங்களே டேப் ஒட்டிக் கொடுங்கள். அவர்கள் மறந்துவிடலாம். மாட்டும்போது ஹப்பின் துருவைச் சுரண்டிவிட்டு, வீல் சேருகிற முகத்தில் மட்டும் ஆன்டிசீஸ் பசையை மெல்லிய படலமாகத் தடவுங்கள். நம் காற்றில் இரும்பு ஹப்பும் அலுமினிய வீலும் கடித்துக்கொண்டு நிற்கும். நடுரோட்டில் பஞ்சர் ஆனால் உதைத்தாலும் வராது. போல்ட் மரையிலும் கூம்புக் குழியிலும் அந்தப் பசை படக்கூடாது.

கிளிப் போட்ட பழைய ஈயம் வேண்டாம். கிளிப்பின் இரும்பு, பாலிஷ் போட்ட விளிம்பைக் கீறி அங்கிருந்தே அரிப்பைத் தொடங்கிவைக்கும். வீலின் உள்பக்கத்தில் ஒட்டுகிற வகை எடையைப் போடச் சொல்லுங்கள். வால்வையும் நான்கிலும் புதிதாக மாற்றிவிடுங்கள், அதிகச் செலவு இல்லை.

ஸ்டெப்னியை மாட்டி ஓட்டுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவு மற்ற மூன்றோடு ஒன்றுதானா? சிறியது என்றால் அது அடுத்த பஞ்சர் கடை வரைக்கும்தான்; வேகத்தையும் அதற்கென்று எழுதியிருக்கிற அளவுக்குமேல் ஏற்றக்கூடாது. பயணிகளை வைத்து மதுரை ரோட்டில் ஓட்டாதீர்கள். அடுத்தது நட்டு. சில வண்டிகளில் அலாய்க்கும் இரும்பு வீலுக்கும் நட்டின் அடிப்பக்க வடிவம் வேறு. வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். அந்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் எதிரெதிர் நட்டாக முறுக்குங்கள். ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்க வேண்டாம். ராமநாதபுரம் போய்த் திரும்பியதும் வீல் ஆறியபின் எல்லா நட்டையும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

இடது முன் வீலில் தொடங்குங்கள். காற்று இறங்குவதும் அதோடு நின்றுவிடும். டயரை மாட்டியபின் டயர் ஓரத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், குமிழி வருகிறதா என்று.